சனிக்கிழமை நாய், ஞாயிற்றுக்கிழமை மலை

தெருநாய்களுக்குத் தடுப்பூசி போடுவதற்காகச் சென்னையிலிருந்து வேன் வந்து நின்றபோது, ஆரணியில் தனசேகரனின் தறிக்காரத் தெருவில் பெயருக்குக்கூட ஒரு நாய் இல்லை.

முந்தின நாள் வரை இருந்தன. வீட்டுக்கு இரண்டு என்று வாசலில் படுத்துக் கிடந்தன. விடியற்காலையில் தறிக்கான நீள இழைகளைப் பட்டுப் பாவாகத் தெரு நீளத்துக்கு இழுத்துக் கட்டினால், அதன் அடியில் புகுந்து ஓடுவதையே தொழிலாக வைத்திருந்தன. இப்போது வலையும் கையுறையுமாக இறங்கிய இளைஞர் கூட்டத்தை வரவேற்க ஒரு கோழி மட்டும் குறுக்கே நடந்து போனது.

"நாய்ங்க எங்க சார்?" என்று கேட்டார் டாக்டர் ஹேமசந்திரன்.

கால்நடை மருத்துவர். பெரணமல்லூர்ப் பக்கத்து ஜைனக் குடும்பம். எறும்பை மிதித்துவிட்டால் எறும்பிடமே மன்னிப்புக் கேட்கிற ரகம். சென்னையில் வேலை பார்க்கும் பிள்ளைகளைச் சேர்த்துக்கொண்டு மாதம் ஒருமுறை ஏதாவது ஓர் ஊருக்குக் கிளம்பிவிடுவார். சனிக்கிழமை அந்த ஊர் நாய்களுக்கு ஊசி. ஞாயிற்றுக்கிழமை பக்கத்தில் இருக்கிற மலையில் ஏறுவது. இதற்கு அந்தப் பிள்ளைகள் கைக்காசு போட்டு வருகிறார்கள் என்று கேள்விப்பட்டதிலிருந்து தறிக்காரர்களுக்கு வேலையே ஓடவில்லை.

"வரும் சார். எங்க ஊரு நாய்ங்க கொஞ்சம் லேட்டாதான் எழுந்திரிக்கும்" என்றான் தனசேகரன்.

அவன் எதற்கும் அசரமாட்டான். சொந்தத் தறி, பட்டுச்சேலை வியாபாரம். வாடிக்கையாளர் கேட்ட நிறம் கைவசம் இல்லையென்றால், இருக்கிற நிறத்தையே அவர்கள் கேட்டதாக நம்பவைத்து அனுப்பிவிடுவான். முப்பதைத் தொடப்போகும் அந்த வயதில் அவனுக்கு மொத்தம் இரண்டு பயங்கள். ஒன்று நாய். சிறு வயதில் கடி வாங்கி, தொப்புளைச் சுற்றி ஊசி போட்டுக்கொண்டவன். இன்றைக்கும் தூரத்தில் குரைப்பு கேட்டால் கை தானாக வயிற்றுக்குப் போகும். இன்னொன்று, ஜெயப்ரியா வேண்டாம் என்று சொல்லிவிடுவாளோ என்பது.

ஜெயப்ரியா வேலூர்ப் பெண். சென்னையில் கம்ப்யூட்டர் கம்பெனியில் வேலை. பெண் பார்க்கப் போன அன்று, அவள் அம்மா கட்டியிருந்த சேலையைப் பார்த்து, இது எங்கள் தறியில் நெய்ததுதான், எந்தக் கடையில் எவ்வளவு ஏமாந்தீர்கள் என்று இவன் கேட்டுவிட்டான். பெரியவர்கள் முகம் சுருங்கியது. அவள் மட்டும் வாய்விட்டுச் சிரித்தாள். அந்தச் சிரிப்பில் விழுந்தவன் இன்னும் எழுந்திருக்கவில்லை. கட்டினால் இவளைத்தான் கட்டுவது என்று முடிவு செய்துவிட்டான்.

ஒரு வாரம் கழித்துத் தரகர் சம்பந்தம் வந்து பதிலைச் சொன்னார்.

"அந்தப் பொண்ணு மாசா மாசம் ஒரு நாய் டாக்டர் கூட்டத்தோட ஊர் ஊரா போவுதாம்பா. நாய்க்கு ஊசி போடறது, மலை ஏறறது. கட்டிக்கறவரும் அதே மாதிரி இருக்கணுமாம். பேஜார் புடிச்ச கேசு, வேற எடம் பாப்போம்."

தனசேகரன் வேறு இடம் பார்க்கவில்லை. டாக்டரின் போன் நம்பரைப் பார்த்தான். தேடிப் பிடித்து, அடுத்த முகாமை ஆரணியிலேயே வைத்துக்கொள்ளுங்கள், எல்லா ஏற்பாடும் என் பொறுப்பு என்றான். டாக்டருக்கு மகிழ்ச்சி. மாப்பிள்ளையும் முகாமுக்கு வருகிறார் என்று தரகர் சம்பந்தம் மூலமாகப் பெண்ணுக்கும் தகவல் போனது. பெண் இரண்டு நாள் யோசித்து, நானும் வருகிறேன் என்று சொல்லி அனுப்பினாள்.

அவன் கணக்கு சுலபமானது. ஏற்பாட்டாளன் பந்தல் போடுவான், டிபன் சொல்லுவான், தண்ணீர் கேனுக்கு அலைவான். நாயைத் தொடவேண்டிய அவசியம் அவனுக்கு வராது.

இதில் அவன் செய்த ஒரே தவறு, அம்மா கமலத்திடம் விவரத்தை முழுதாகச் சொல்லாதது. சனிக்கிழமை அந்தப் பெண் சிநேகிதர்களோடு நம் தெருவுக்கு வருகிறாள் என்று மட்டும் சொல்லி வைத்திருந்தான். இப்போது அவன் சமையல்கட்டுக்குள் புகுந்து, நாயெல்லாம் எங்கே என்று பல்லைக் கடித்துக்கொண்டு கேட்டபோது, கமலம் பெருமையாக நிமிர்ந்தாள்.

"பொண்ணு நடந்து வர்ற தெருவுல நாய் படுத்துகினு கெடந்தா நல்லாவா இருக்கும்? பன்னு போட்டு ஒண்ணு விடாம ஏத்தி உட்டுட்டேன். போளூர் பக்கம் காலியா போன லோடு வண்டிதான். தெருவே சேந்து ஏத்துச்சி. எல்லாம் உனுக்காகதான்டா."

வெளியே வந்தான். சென்னைப் பிள்ளைகள் வலையைத் தோளில் போட்டுக்கொண்டு நின்றார்கள். ஜெயப்ரியா வேன் கதவை ஒட்டி நின்றுகொண்டிருந்தாள். நாய் இல்லாத தெருவைப் பார்த்ததில் அவள் முகத்தில் ஒரு நிம்மதி தெரிந்ததை அவன் கேலி என்று எடுத்துக்கொண்டான். அவனுக்குச் சுருக்கென்றது.

"டீ குடிச்சிகினு இருங்க. ஜல்தியா நானே போய்க் கூட்டிகினு வரேன்" என்று மொபெட்டை உதைத்தான்.

கறிக்கடையில் ஒரு தோள்பை நிறைய எலும்பு வாங்கி மாட்டிக்கொண்டான். கடைவீதியில் மெதுவாகப் போய், ஆங்காங்கே ஒன்றிரண்டைப் போட்டால் நாய்கள் மரியாதையான தூரத்தில் பின்னால் வரும் என்பது திட்டம். கடைவீதி நாய்களுக்கு அந்தத் திட்டம் தெரியாது. முதல் எலும்பு தரையில் விழுவதற்குள் அவை பையைப் பார்த்துவிட்டன. தனசேகரன் திரும்பிப் பார்த்தான். பிறகு திரும்பிப் பார்க்கவே இல்லை. மொபெட் அவ்வளவு வேகம் போகும் என்று அதை விற்றவனே நம்பமாட்டான்.

தெருவுக்குள் நுழைந்தபோதுதான் பாவு ஞாபகம் வந்தது. கல்யாண ஆர்டருக்கென்று மாம்பழ நிறத்தில் காலையில் அவனே கட்டச் சொன்ன பாவு. வண்டியை அப்படியே போட்டுவிட்டு, குனிந்து அடியில் புகுந்து அந்தப் பக்கம் போய் நின்றான். நாய்கள் குனியவில்லை. இழைகள் பட்பட்டென்று அறுந்தன. நெசவாளி அருணாச்சலம் தலையில் கையை வைத்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டார். சென்னைப் பிள்ளைகள் கைதட்டினார்கள்.

தனசேகரன் கண்கள் ஜெயப்ரியாவைத் தேடின. அவள் வேனின் பின்பக்க ஏணியில் ஏறி, மேலே போய் உட்கார்ந்திருந்தாள். இந்தக் காட்சியை நன்றாகப் பார்க்கத்தான் ஏறியிருக்கிறாள் என்று அவனுக்குப் பூரிப்பாக இருந்தது. அறுந்த பாவுக்கு நடுவில் நின்றுகொண்டு சிரித்தான்.

அந்தச் சிரிப்புதான் வினையாகப் போனது.

"நாய்ங்களுக்கு உங்க மேல என்ன பிரியம் சார்!" என்று டாக்டர் நெகிழ்ந்துபோனார். "டிபன் வேலைய நம்ம பசங்க பாப்பாங்க. நீங்க நாயைப் புடிங்க."

அன்று முழுக்க ஆரணிக் கடைவீதி நாய்கள் அவன் மடியில்தான் ஊசி போட்டுக்கொண்டன. ஒவ்வொன்றையும் கண்ணை இறுக மூடிக்கொண்டு அணைத்தான். தெரிந்த சாமி பெயரையெல்லாம் முணுமுணுத்தான். அவன் நாயோடு பேசுகிறான் என்று ஒரு பெண் பக்கத்திலிருந்தவளிடம் மெதுவாகச் சொன்னது காதில் விழுந்தது. ஜெயப்ரியா பந்தலின் மறுகோடியில் பஞ்சுத் தட்டோடு நின்றிருந்தாள். இவன் பார்க்கும்போதெல்லாம் அடுத்தது, அடுத்தது என்று கையைக் காட்டினாள். ஒன்றுக்குக்கூட பக்கத்தில் வரவில்லை. பரீட்சை வைக்கிறவள் எதற்குப் பேனாவைத் தொடவேண்டும் என்று அவன் தன்னைத் தேற்றிக்கொண்டான்.

மறுநாள் போளூர்ப் பக்கத்துப் பர்வதமலை. மலையில் நாய் இருக்காது, இனி நிமிர்ந்து நடக்கலாம் என்று விடிந்தும் விடியாமலும் அடிவாரத்தில் வேனை விட்டு இறங்கினான்.

லோடு வண்டிக்காரன் இரக்கமுள்ளவன். மலைக்கு வருகிற பக்தர்கள் ஏதாவது போடுவார்கள், பிழைத்துக்கொள்ளட்டும் என்று நினைத்து அடிவாரத்தில்தான் எல்லாவற்றையும் இறக்கிவிட்டுப் போயிருந்தான். தறிக்காரத் தெருவின் அத்தனை நாய்களும் எழுந்து நின்று, தெரிந்த முகத்தைப் பார்த்த சந்தோஷத்தில் வாலை ஆட்டிக்கொண்டு ஓடிவந்தன.

தனசேகரன் ஓடியிருப்பான். ஆனால் ஜெயப்ரியா அவன் முதுகுக்குப் பின்னால் வந்து நின்று சட்டையை இறுகப் பிடித்திருந்தாள். அவன் ஓடிவிடக் கூடாது என்று பிடித்திருக்கிறாள் என்றுதான் அவனுக்குத் தோன்றியது. என்ன அழுத்தமான பெண் என்று வியந்தபடி, நாய்கள் மோந்து பார்க்க, மூச்சை அடக்கிக்கொண்டு நின்றான்.

"உங்கள எப்படி அடையாளம் கண்டுபுடிக்குது பாருங்க" என்றாள். குரல் லேசாக நடுங்கியது.

"நம்ம தெருப் பசங்கதான்" என்றான். அவன் குரலும் நன்றாக இல்லை.

மற்ற நாய்கள் வழியில் ஒவ்வொன்றாகக் கழன்றுகொண்டன. தவிட்டு நிறத்தில் ஒன்று மட்டும் விடவில்லை. பாதி மலை ஏறிய பிறகுதான் தனசேகரனுக்குக் காரணம் புரிந்தது. தண்ணீர் பாட்டில் போட்டுக்கொண்டு வந்திருந்தது அந்தக் கறிக்கடைப் பையில். பையைத் தூக்கி எறியவும் முடியாது. எல்லோருடைய தண்ணீரும் அதில்தான் இருந்தது. நாய்க்கு முன்னால் போய்விட வேண்டும் என்று ஏறினான். ஜெயப்ரியாவும் ஏனோ அதே வேகத்தில் ஏறினாள். சங்கிலியைப் பிடித்து ஏறவேண்டிய செங்குத்தான இடத்தில் அவள் கால் வழுக்கியபோது கையை நீட்டினான். அவள் பிடித்துக்கொண்டாள், மேலே போகிற வரை விடவும் இல்லை. வாழ்க்கையிலேயே முதல் முறையாக ஒரு நாய்க்கு மனதுக்குள் நன்றி சொன்னான். மற்றவர்கள் உச்சிக்கு வந்து சேர்ந்தபோது இவர்கள் இருவரும் அரைமணி நேரமாக உட்கார்ந்திருந்தார்கள்.

காற்று நன்றாக அடித்தது. அவன் சேலை வியாபாரக் கதைகளைச் சொன்னான். அவள் அன்றைக்குப் போலவே வாய்விட்டுச் சிரித்தாள்.

"உங்கள நான் வேற மாதிரி நெனச்சிட்டேன்" என்றாள். "ரெண்டு நாய பாத்தா ஓடிடுவீங்கன்னு நெனச்சேன்."

"ஓடறதா? நானா?"

"அப்பாவ வந்து பேசச் சொல்றேன்."

அந்த நேரம் பார்த்துத் தவிட்டு நிற நாய் எப்படியோ ஏறிவந்து அவன் காலில் தலையை வைத்துப் படுத்தது. ஜெயப்ரியா சற்று நகர்ந்து உட்கார்ந்து, அதையே பார்த்தாள்.

"பாவம், உங்கள உட்டுப் போவாது போலக்கீது. வீட்டுக்குக் கூட்டிகினு போறீங்களா?"

"உங்களுக்கு ஆசைன்னா சரி. கல்யாணத்துக்கு அப்புறமும் நம்ம கூடவே இருக்கட்டும். வீட்டுக்கு உள்ளயே படுத்துக்கட்டும்."

"சந்தோஷம்" என்றாள். சந்தோஷத்தில் அவளுக்கு வார்த்தை வரவில்லை என்பது அவனுக்குத் தெரிந்தது.

திரும்பும்போது அவள் வேனின் முன் சீட்டில் ஏறிக்கொண்டாள். அவன் கடைசி சீட்டில், மடியில் நாயோடு உட்கார்ந்தான். போளூரில் டீக்கு நிறுத்தினார்கள். எல்லோரும் இறங்கினார்கள். நாய் தூங்கிவிட்டதால் அவன் மட்டும் அசைய முடியாமல் இருந்தான். நாளைக்கு நல்ல நேரம் பார்த்து அவளிடம் உண்மையைச் சொல்லிவிட வேண்டும், இப்படி உயிராக நாயை நேசிக்கிற பெண்ணை ஏமாற்றுவது பாவம் என்று மனது குத்தியது. டிரைவர் சின்னதுரை அவனுக்கு ஜன்னல் வழியாக டீ கொண்டுவந்து கொடுத்தான்.

"முன் சீட்டுல வந்தாங்களே, அந்த மேடம் உங்க கூட எத்தன வருஷமா வராங்க?" என்று பேச்சுக்குக் கேட்டான் தனசேகரன்.

"அவங்களா? நேத்துதான் சார் மொத தடவ" என்றான் சின்னதுரை. "நாய்ன்னா செத்துடுவேன்னு வர்ற வழியெல்லாம் போன்ல யாருகிட்டயோ அழுதுகினே வந்தாங்க, எவனோ மாப்பிள்ளைய தட்டிக் கழிக்க நாய், மலைன்னு கத உட்டாங்களாம், அந்தாளு நெசம்னு நம்பிக் கெளம்பி வந்துட்டானாம், இந்தக் கூட்டத்துல அவன் யாருன்னுதான் எனுக்குத் தெரியல."