நாலாம் நடைமேடைக் குரல்

"என் பையன் இன்னும் வரலியா?" என்று அம்மா மூன்றாம் முறையாகக் கேட்டபோது, ஐம்பத்திரண்டு வயதுப் பையன் அவள் கட்டிலிலேயே உட்கார்ந்திருந்தார்.

பேருந்து நிலைய அறிவிப்பாளர். மைக் பழுதான அன்று, "மைக் எனக்கு அலங்காரம்தான்" என்று நாள் முழுக்க வெறுந்தொண்டையில் கத்தியதில் குரல்நாண் கிழிந்துவிட்டது. மருத்துவர் குழாய் விட்டுக் காயத்தின் மேல் மருந்து பூசினார். "பத்து நாள் பேசக்கூடாது. கிசுகிசுத்தாலும் மருந்து வீண். இந்தப் புகைமருந்த தினம் ஒரே ஒரு இழுப்பு இழுங்க, போதும்."

அம்மாவுக்குப் பார்வை போய்விட்டது, நினைவும் பாதிதான். "எங்கம்மா என்னைக் குரல் வச்சே கண்டுபிடிச்சிடுவா" என்று ஊரெல்லாம் பீற்றிக்கொண்டவர் அவர். தினமும் வேலை முடிந்து வந்து அரை மணி நேரம் பேசுவார், அவள் தலையாட்டுவாள்.

இன்று அவள் கையைப் பிடித்தார்.

"யாருப்பா நீ? கை சில்லுன்னு இருக்கு."

பக்கத்தில் நின்ற மச்சானுக்கு யோசனை பிறந்தது. "மாமா, உங்க குரல்தான் என் போன்ல இருக்கே." அழுத்தினான். 'நாலாம் நடைமேடையில் நிற்கும் பேருந்து இன்னும் ஐந்து நிமிடத்தில் புறப்படும்.' அம்மா எழுந்து உட்கார்ந்தாள். பையைக் கேட்டாள். செருப்பைக் கேட்டாள். படுக்க மறுத்துவிட்டாள்.

மச்சான் தொண்டையைக் கனைத்து, "அம்மா, நான்தாம்மா" என்றான்.

"இவன் ஓசிச் சாப்பாட்டுக்கு வர்றவன். வெளிய அனுப்புங்க."

அறிவிப்பாளர் பொறுத்தது போதும் என்று புகைமருந்தை நாலு இழுப்பு இழுத்தார். ஒன்றுக்கு நாலு, நாலு மடங்கு வேகம் என்பது அவர் கணக்கு. வாயைத் திறந்தார்.

"அம்..."

துருப்பிடித்த கேட் திறந்ததுபோல் ஒரு சத்தம். பிறகு வெறும் காற்று.

"பாவம், யாரோ இருமல்காரர்" என்றாள் அம்மா. "அவருக்குத் தண்ணி குடுங்க."

தண்ணீர் கொண்டுவந்தவள், அம்மாவைக் கவனித்துக்கொள்ளும் ஆயம்மா. அறிவிப்பாளர் சிலேட்டில் எழுதிக் காட்டினார்: 'என் குரல் போனதும் அம்மா என்னை மறந்துவிட்டாள்.'

ஆயம்மா நிதானமாகப் படித்தாள்.

"ரெண்டு வருஷமா தினமும் உங்க எதிர்லயே 'என் பையன் இன்னும் வரலியா'ன்னுதான் கேக்கறாங்க சார். நீங்க பேசிட்டே இருந்ததால உங்களுக்குக் கேக்கல."