இட்லித் துணியும் என் இரண்டு இமைகளும்

டாக்டர் சொன்னதை ஒரு மாதம் செய்யாமல் இருந்துவிட்டு, மறுபடி அவரைப் பார்க்கப் போகும் அன்று காலை மட்டும் ஒழுங்காகச் செய்கிற கூட்டத்தைச் சேர்ந்தவள் நான். ஒருமுறை அந்தப் புத்தி என் கல்யாணத்தையே காலி பண்ணப் பார்த்தது.

எனக்குக் கண்ணிமை ஓரங்களில் தீராத அழற்சி. "இது முழுசா போகாது. தினமும் ரெண்டு வேளை வெந்நீர் ஒத்தடம் கொடுத்து, இமையை மெதுவா துடைக்கணும். பல் தேய்க்கிற மாதிரி பழக்கமாக்கிக்கோ" என்றார் மும்பை சயான் ஆஸ்பத்திரியில் பார்த்த டாக்டர். தலையை ஆட்டிவிட்டு வந்ததோடு சரி.

செம்பூரிலிருந்து என்னைப் பெண் பார்க்க வந்த ஞாயிறன்று இமையெல்லாம் செதில். மாப்பிள்ளையை போட்டோவிலேயே எனக்குப் பிடித்துவிட்டது (வெளியில் சொல்லவில்லை, கௌரவம்). ஒரு மாத ஒத்தடத்தையும் அன்றைக்கே முடித்துவிடுவது என்று முடிவெடுத்தேன். தாராவியில் எங்களுக்கு இட்லி வியாபாரம். இட்லி அவிக்கும் கொப்பரையிலிருந்து அப்போதுதான் எடுத்த துணி ஆவி பறக்கக் கைக்கெட்டும் தூரத்தில் கிடந்தது. தனியாக வெந்நீர் போடுவானேன்? எட்டு முறை ஒத்தினேன். துணியில் இருந்த மாவு இமையில் ஒட்டிக்கொண்டது. அதை எடுக்க அழுத்தித் தேய்த்தேன்.

காபித் தட்டோடு போய் நின்றபோது இரண்டு கண்ணும் தக்காளி. கண்ணீர் நிற்கவில்லை.

"பிள்ளைய வற்புறுத்தி நிக்க வச்சிருக்கியளோ?" என்று மாப்பிள்ளையின் அம்மா கேட்டார்.

"ஐயோ, இல்ல மதினி. அவ கண்ணே அப்படித்தான்" என்றாள் என் அம்மா. யாரும் நம்பவில்லை.

மாப்பிள்ளை என்னிடம் தனியாகப் பேச வேண்டும் என்றார். அரிசி மூட்டைகளுக்குப் பக்கத்தில் நின்றோம்.

"வேற யாரையும் பிடிச்சிருக்கா? பயப்படாம சொல்லுங்க. எனக்குப் பிடிக்கலன்னு நானே சொல்லிருதேன். உங்க மேல பழி வராது."

இவ்வளவு நல்ல மனிதர் கைநழுவிப் போகிறாரே என்று நினைத்ததும் நிஜமாகவே அழுகை வந்துவிட்டது. அவர் புரிந்ததுபோலத் தலையாட்டினார். நான் ஓடிப்போய், சாமி படத்துக்குப் பின்னால் செருகியிருந்த டாக்டர் சீட்டை எடுத்து வந்து நீட்டினேன். முழுதும் படித்தார்.

"தினமும் ரெண்டு வேளையா?"

"ஆமா."

"எத்தன நாளைக்கு?"

"சாகுற வரைக்கும்."

கொஞ்சம் யோசித்தார். "சரி, வெந்நீர் நான் போட்டுத் தாரேன்" என்றார்.

பதினோரு வருடமாக அவர்தான் போட்டுத் தருகிறார். ஆனால் என் மாமியார் இன்னும் விடவில்லை. அந்த இல்லாத காதலனுக்கு செல்வம் என்று பெயரே வைத்துவிட்டார். இரண்டு நாள் ஒத்தடம் தவறிக் கண் சிவந்தால் போதும். "என்ன, செல்வம் போன் பண்ணுனானா?" என்று பக்கத்து வீட்டுக்குக் கேட்கும்படி விசாரிப்பார். போன வாரம் என் மகன் தன் பிறந்தநாளுக்குக் கூப்பிட வேண்டியவர்களின் பெயர்களை எழுதினான். மூன்றாவது பெயர் செல்வம் மாமா.