விடு என்ற சொல்லை நாளை சொல்ல வேண்டாம்

மதிப்பிற்குரிய அத்தைக்கு,

பக்கத்து அறையிலிருந்து உங்கள் அண்ணன் மகள் பணிவுடன் எழுதுவது. இங்கே நான் நலமில்லை. அங்கே நீங்கள் நலம் என்பதைச் சுவரைத் தாண்டி வரும் குறட்டையால் அறிந்து மகிழ்கிறேன். அது நிற்கும்போதெல்லாம் பேனாவை மூடிவிட்டுப் போர்வைக்குள் போய்விடுகிறேன். எனவே எழுத்து கோணலாக இருந்தால் மன்னிக்கவும்.

நம் கால்பந்து அணியின் கோல்கீப்பர் பொட்டலத்தைப் பற்றித்தான் எழுதுகிறேன். ‘நாளைக்கு அவ வெளியில உட்காரட்டும், இன்னொருத்தி கோலி நிக்கட்டும்’ என்று சாப்பிடும்போது சொன்னீர்கள். அந்த இன்னொருத்தி பந்து வந்தால் கண்ணை மூடிக்கொள்வாள் என்பது உங்களுக்கும் தெரியும். பந்தைக் காகிதம் சுற்றுவது போல வயிற்றோடு சுற்றிக்கொள்வதால்தான் பொட்டலத்துக்கு அந்தப் பெயரே வந்தது. அப்படிப்பட்டவள் போன ஆட்டத்தில் கையில் வந்த பந்தைக் கீழே போட்டதற்குக் காரணம் அவள் இல்லை. காரணம் யார் என்பதை இந்தப் பக்கத்தின் முடிவுக்குள் எழுதிவிடுவேன். அதற்கு முன் கொஞ்சம் தண்ணீர் குடித்துக்கொள்கிறேன்.

உங்கள் காலில் மாவுக்கட்டு போட்டதிலிருந்து, நீங்கள் மைதான ஓரத்தில் நாற்காலியில் உட்கார, சின்னப் பிள்ளைகளுக்கு நான்தான் கோல்கீப்பிங் சொல்லித்தருகிறேன் அல்லவா, நீங்கள் சொன்ன வரிசையிலேயேதான் ஆரம்பித்தேன், முழங்காலை மடக்கி முன்பாதத்தில் நிற்பது, விரல்களை விரித்துக் கட்டைவிரல்களை ஒட்டினாற்போல வைப்பது, உருண்டு வரும் பந்துக்குப் பின்னால் உடம்பையே சுவராக வைப்பது, பிடித்ததும் நெஞ்சோடு அணைப்பது என்று எல்லாம் ஒழுங்காகவே போயிற்று, ஆனால் அணைத்த பந்தைப் பொட்டலம் திருப்பித் தரவே மாட்டேன் என்றாள், ஒருநாள் வீட்டுக்கே தூக்கிக்கொண்டு போய்விட்டாள், அவள் அம்மா மறுநாள் அதைத் துடைத்துக் கொண்டுவந்து கொடுத்தார். அதனால் நான் ஒரு சட்டம் போட்டேன்: பிடித்ததை யார் கேட்டாலும் தரக் கூடாது, ‘விடு’ என்று குரல் வந்தால் மட்டும் விட வேண்டும். இதில் நான் யோசிக்காமல் விட்டது என்னவென்றால், கோலி முன்னால் ஓடிவந்து பந்தை எடுக்கும்போது தன் ஆட்களை விலகச் சொல்ல, ‘விடு’ என்றுதான் கத்த வேண்டும் என்று நீங்கள் ஏற்கெனவே சொல்லிக்கொடுத்திருந்தீர்கள். அது தெரியாத ஒரு தடுப்பாட்டக்காரி, ஒருநாள் பயிற்சியில் பொட்டலம் ‘விடு’ என்று கத்தியபடி ஓடிவர, நின்று நிதானமாக, “நான் எதுக்கும் வருத்தப்படலியே?” என்று கேட்டாள். பந்து இருவருக்கும் நடுவே உள்ளே போயிற்று.

அவள் ஏன் அப்படிக் கேட்டாள் என்றால், அத்தை, நீங்கள் ஆறுதல் சொல்வதும் அதே சொல்லால்தான். கோல் வாங்கினால் விடு, முட்டி சிராய்த்தால் விடு, மழை வந்தால் விடு. சரி, சொல்லை மாற்றலாம் என்று ‘என்னுது’ என்று கத்தப் பழக்கினேன். எதிரணிப் பெண்ணும் “என்னுது” என்றாள். பொட்டலம் “இந்தா” என்று கொடுத்துவிட்டாள். வீட்டில் தம்பிக்கு விட்டுக்கொடுத்துப் பழகிய பிள்ளை. பழையபடி ‘விடு’வுக்கே திரும்பினோம்.

இப்போது குறட்டை நின்று மறுபடி தொடங்கியது. சீக்கிரம் எழுதிவிடுகிறேன். போன ஆட்டம் முடியும் நேரத்தில் தலைக்கு மேல் வந்த பந்தைப் பொட்டலம் எவ்வளவு அழகாகப் பிடித்தாள் என்று நீங்கள் பார்க்கவில்லை. உங்கள் நாற்காலி பக்கத்தில் ஷூ கிழிந்துபோன பிள்ளை அழுதுகொண்டிருந்தது. நீங்கள் அதன் தலையைத் தடவி, மைதானம் முழுக்கக் கேட்கும்படி, “விடும்மா, விடு” என்றீர்கள். பொட்டலம் விட்டாள். பந்து எதிரணிக்காரியின் காலடியில் போய் விழுந்தது.

எழுதிவிட்டேன்.

“யாருடி இவளுக்கு இப்படிச் சொல்லிக்கொடுத்தது?” என்று நீங்கள் கேட்டபோது பிள்ளைகள் எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். நான் கோல்கம்பத்தைப் பார்த்தேன். பொட்டலம் மட்டும் என் சட்டையைப் பிடித்து இழுத்து மெதுவாகக் கேட்டாள்: “அக்கா, நான் சொன்ன பேச்சக் கேட்டேன்ல?” இன்று இரவு தட்டின் முன்னாலேயே சொல்லிவிடலாம் என்று, “அத்தை, அந்தக் கோல்...” என்று வாயைத் திறந்தேன். நீங்கள் “விடு, பாத்துக்கலாம்” என்றீர்கள். அப்பா குழம்பைக் கேட்டார். பேச்சு போய்விட்டது.

ஆகவே, நாளை பொட்டலத்தையே கோலில் நிறுத்துங்கள். ஆட்டம் முடியும்வரை அந்தச் சொல்லை மட்டும் வாயில் அடக்கிவையுங்கள். அழுகிற பிள்ளைக்கு மிட்டாய் கொடுங்கள். அவள் சின்னப் பெண், யார் எதற்குச் சொன்னார்கள் என்று பிரித்துப் பார்க்கத் தெரியாது. நான் ஒன்பதாம் வகுப்பு. எனக்கு எந்த விடு எதற்கு என்று நன்றாகத் தெரியும், கையில் இருப்பதை யார் குரலுக்கும் பயந்து விடுகிறவள் இல்லை நான்.

உங்கள் மாவுக்கட்டு சீக்கிரம் பிரியவும், பிரித்த பிறகு அந்தக் கால் என்னைத் துரத்தாமல் இருக்கவும் வேண்டிக்கொள்ளும்,
அண்ணன் மகள்

பி.கு. (தனித் துண்டில்): அத்தை, இதை முதலில் படியுங்கள். கடிதத்தை உங்கள் கதவுக்கு அடியில் பாதி நுழைத்ததுமே பயம் வந்துவிட்டது. காலையில் பொட்டலத்தின் அம்மாவை விட்டுச் சொல்லச் சொல்லலாம், இதைக் கிழித்துப் போடலாம் என்று திரும்ப இழுத்தேன். வரவில்லை, மறுமுனையை உள்ளே யாரோ பிடித்திருந்தார்கள். உங்கள் கட்டில் கதவோரம் இருப்பதையும், குறட்டை நின்று வெகுநேரம் ஆனதையும் அப்போதுதான் கவனித்தேன். இரண்டு கையாலும் இறுக்கிப் பிடித்திருந்தேன், கட்டைவிரல்கள்கூடச் சரியாகத்தான் இருந்தன. உள்ளேயிருந்து “விடு” என்றீர்கள்.

விட்டுவிட்டேன். பொட்டலமும் இப்படித்தான் விட்டாள்.