வழிமொழியார்

நீடாமங்கலம் சுற்றுவட்டாரத்தில் அந்த நாளில் வழிமொழியார் எழுந்து நிற்காமல் ஒரு கூட்டமும் தொடங்கியதில்லை, ஒரு கல்யாணமும் முடிந்ததில்லை. மனிதரின் சொந்தப் பெயர் என்ன என்று கேட்டால் அவர் மனைவியே சற்று யோசிப்பார்.

எங்கள் கட்சி ஆட்சியைப் பிடித்த புதிது. தெருவுக்கொரு கூட்டம், புரோகிதர் இல்லாத கல்யாணம். எதுவானாலும் ‘இன்னார் தலைமை தாங்க முன்மொழிகிறேன்’ என்று ஒருவர் சொல்ல வேண்டும். ‘வழிமொழிகிறேன்’ என்று இன்னொருவர் எழுந்து ஆமோதிக்க வேண்டும். அதற்கப்புறம்தான் தலைவர் நாற்காலியில் உட்காரலாம். இரண்டாவது ஆள் கிடைக்காவிட்டால் சொன்னது அத்தனையும் அந்தரத்தில் நிற்கும். முன்மொழிய ஊரில் அடிதடி நடக்கும். வழிமொழிவதோ கைதட்டல் விழாத வேலை. அதைச் சைக்கிள் கடை வைத்திருந்த இவர் ஆயுள் குத்தகைக்கு எடுத்துக்கொண்டார்.

ஒற்றை வார்த்தையில் முடிப்பாரா என்றால் மாட்டார். வலங்கைமானில் ஒரு கல்யாணம். தலைமை தாங்க வந்தவர் நாற்காலிக் கையைப் பிடித்தபடி பாதி உட்கார்ந்திருக்க, இவர் சங்க காலத்திலிருந்து ஆரம்பித்தார். சேர சோழரைத் தாண்டுவதற்குள் தலைவருக்குத் தொடை நடுங்கிவிட்டது. மாப்பிள்ளை தானே தாலியைக் கட்டிவிட்டுப் பந்தியில் போய் உட்கார்ந்துவிட்டார்.

பழக்கம் மேடையோடு நிற்கவில்லை. பஸ்ஸில் கண்டக்டர் உள்ளே போகச் சொன்னால், வழிமொழிந்துவிட்டுப் படிக்கட்டிலேயே நிற்பார். ஒருமுறை ஆஸ்பத்திரியில் எனக்கு ஊசிதான் போட வேண்டும் என்று டாக்டர் சொல்ல, பெஞ்சிலிருந்த இவர் எழுந்துவிட்டார். நான் மாத்திரை கேட்க வாயைத் திறப்பதற்குள், “அதான் ரெண்டு பேரு சொல்லியாச்சேப்பா” என்று டாக்டர் ஊசியைக் குத்திவிட்டார்.

ஒரு தடவையாவது முன்மொழிந்து பார்க்கக் கூடாதா என்று அவரிடமே கேட்டேன்.

“சொல்றதுக்கு எத்தனையோ பேரு இருக்காங்க தம்பி. சொல்லிட்டு ஒத்தையா நிக்கிறான் பாருங்க, அதைத்தான் என்னால பாத்துக்கிட்டு இருக்க முடியல.”

அந்த வருஷத்து அறுவடையில் வந்தது வினை. மிராசுதார் கூலி நெல்லைச் சின்ன மரக்காலால் அளக்கிறார் என்று கூலியாட்கள் களத்தில் கூட்டம் போட்டார்கள். அவர்களுடையது எங்கள் கட்சிக்கு ஆகாத சங்கம். அஞ்சலை என்ற நடவுக்காரப் பெண் எழுந்து, பழைய மரக்காலில்தான் அளக்க வேண்டும் என்று முன்மொழிந்தார். மிராசுதாரின் ஆட்கள் கம்போடு வரப்பில் நின்றதால் அடுத்து யாரும் வாயைத் திறக்கவில்லை. அந்த வழியாகச் சைக்கிளில் போன வழிமொழியாருக்குப் பொறுக்குமா? மடித்துக் கட்டிய வேட்டியை இறக்கிவிட்டுக் களத்துக்குள் வந்து வழிமொழிந்தார். அவர் பேச்சு நீண்டதில் கம்பு வைத்திருந்தவர்களே கால் வலித்து உட்கார்ந்துவிட்டார்களாம். அதற்குள் மற்றவர்களும் துணிந்து எழுந்தார்கள். பழைய மரக்கால் திரும்பி வந்தது.

எங்கள் கிளைச் செயலாளருக்கு அந்த மிராசுதார் சம்பந்தி. அடுத்த வாரமே கூட்டத்தைக் கூட்டி, வழிமொழியாரைக் கட்சியிலிருந்து நீக்க வேண்டும் என்று தானே முன்மொழிந்தார். கட்சி போனால் மேடை போகும். மேடை போனால் மனிதர் என்ன ஆவார்? வழிமொழிய ஒருவரும் எழவில்லை. எல்லோரும் விட்டத்தைப் பார்த்தோம். இன்னும் கொஞ்சம் பொறுத்தால் தீர்மானம் தானாகவே செத்திருக்கும்.

பக்கத்தில் வழிமொழியார் நெளிந்தார். அவர் துண்டைப் பிடித்து இழுத்தேன்.

“உக்காருங்கண்ணே, இது உங்கள நீக்குற தீர்மானம்.”

“தெரியுது தம்பி. பாவம், தனியா நிக்கிறாரு.”

எழுந்தே விட்டார். அன்றைக்கு மட்டும் ஒரே வார்த்தை.

ஆதரிப்பவர்களைக் கை தூக்கச் சொன்னார்கள். செயலாளர் தூக்கினார். வழிமொழிந்த பாவத்துக்கு இவரும் தூக்கினார். எதிர்ப்பவர்கள் என்று கேட்டபோது அறை முழுக்கக் கைகள். நான் இரண்டு கையையும் தூக்கினேன். செயலாளர் முறைத்தும் இறக்கவில்லை. அந்த மனிதருக்கு இரண்டு கை போதாது என்றுதான் இன்றைக்கும் எனக்குப் படுகிறது.