சுண்டுவிரல் பூட்டு

கனகம் துடைப்பத்தைத் தேடி வீடு முழுக்க அலைந்துவிட்டுப் பின்பக்கம் வந்து பார்த்தபோது, அது அவளுடைய கணவன் பாண்டுரங்கனின் இரண்டு கைகளுக்கும் நடுவில் மாட்டிக்கொண்டிருந்தது. மாட்டிக்கொண்டிருந்தது என்றால் நிஜமாகவே மாட்டிக்கொண்டிருந்தது. வலது சுண்டுவிரல் இடது கையின் இரண்டு விரல்களுக்கு நடுவே புகுந்து, திரும்பி வர வழி தெரியாமல் நின்றது. காலை அகட்டி, முட்டியை மடக்கி, பின்புறத்தைத் தள்ளிக்கொண்டு அவர் தரையில் இல்லாத எதையோ உற்றுப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"இன்னாங்க இது? வாசல் பெருக்கணும், குடுங்க."

"தொடாத. இப்பத்தான் பூட்டு வுழுந்துச்சி."

"எந்தப் பூட்டு?"

"சுண்டுவிரல் பூட்டு," என்றார் பாண்டுரங்கன், ஏதோ பெட்டகத்தின் ரகசியத்தைச் சொல்வதுபோல.

விஷயம் இதுதான். பாண்டுரங்கன் ஸ்ரீபெரும்புதூர் ரோட்டில் இருக்கிற பம்பு கம்பெனியில் டெஸ்பாட்ச் சூப்பர்வைசர். குன்றத்தூர் வீட்டுக்கும் கம்பெனி பஸ்ஸுக்கும் நடுவில் பன்னிரண்டு வருஷத்தை ஓட்டிவிட்டவர். கல்யாணமாகி எட்டு வருஷம் கழித்து, ஊரில் உள்ள டாக்டர்களையும் மலைமேல் இருக்கிற முருகனையும் ஒரு வழி பண்ணிய பிறகு, மூன்று மாதத்துக்கு முன்னால்தான் ஒரு பெண் குழந்தை பிறந்திருந்தது. தென்றல் என்று பெயர் வைத்தார்கள். குழந்தை கத்துகிற கத்தலுக்குப் புயல் என்று வைத்திருக்கலாம் என்று தெருவில் பேச்சு.

இந்த நேரம் பார்த்துத்தான் கல்கத்தாவிலிருந்து புது மேனேஜர் வந்தார். வந்த வேகத்தில், பூனா ஃபேக்டரிக்கு ஐந்து பேரை மாற்றப் போவதாக லிஸ்ட் போட்டார். மூன்றாவது பெயர் பாண்டுரங்கன்.

அவர் அறைக்குள் போய் நின்றார். மேனேஜர் பேசியது இங்கிலீஷ்தான். ஆனால் வாயில் ரசகுல்லாவை ஒதுக்கிக்கொண்டு பேசுகிற இங்கிலீஷ். அதில் பாண்டுரங்கன் 'போண்டுரோங்கோ' ஆகியிருந்தார். கைக்குழந்தை, தாயில்லாத மனைவி, பார்த்துக்கொள்ள ஆளில்லை, பூனா வேண்டாம் என்று இவர் தழுதழுத்ததைக் கேட்டுவிட்டு மேனேஜர் கொஞ்ச நேரம் பேனாவை உருட்டினார். பிறகு முன்னால் சாய்ந்து, கோல்ஃபில் விருப்பம் உண்டா என்று கேட்டார்.

அறையின் மூலையில் ஒரு தோல் பை நின்றது. அதிலிருந்து ஏழெட்டுப் பளபளப்பான கம்புகள் எட்டிப் பார்த்தன. பாண்டுரங்கன் பையைப் பார்த்தார். பூனாவை நினைத்தார். குழந்தையை நினைத்தார்.

"கோல்ஃபுன்னா உயிரு சார்," என்று தனக்குத் தெரிந்த இங்கிலீஷில் அடித்துவிட்டார்.

மேனேஜர் முகம் மலர்ந்தது. இப்படி ஒரு ஆளைத்தான் தேடிக்கொண்டிருந்தேன் என்றார். பூனா லிஸ்டில் பெயரை அடித்துவிடலாம், ஆனால் அடுத்த வெள்ளிக்கிழமைக்குள் விஷயத்தில் நல்ல 'கிரிப்' வந்திருக்க வேண்டும், கூப்பிட்டுப் பார்ப்பேன் என்று அனுப்பிவிட்டார்.

கம்பெனியில் கோல்ஃப் கம்பைத் தொட்ட ஒரே ஆள் ஃபோர்க்லிஃப்ட் ஓட்டும் தாவீது. கிண்டியில் பணக்காரர்களுக்குப் பின்னால் பை தூக்கினவன். எதைக் கேட்டாலும் தெரியாது என்று சொல்லாதவன்.

"கிரிப்புதாண்ணே எல்லாம். மீதி தானா வரும்," என்றான் அவன். இடது கை மேலே, கட்டைவிரல் கம்போடு நேராக. வலது கை கீழே. சுண்டுவிரல் போய்ப் பூட்டிக்கொள்ள வேண்டும். கம்பு உள்ளங்கையில் அல்ல, விரல்களில் உட்கார வேண்டும். பாண்டுரங்கன் கையில் கிடைத்த ஒரு கம்பின் கழுத்தை நெரித்தார்.

"இன்னாண்ணே, திருடனைப் புடிக்கிற மாதிரி புடிக்கிற? உம் பொண்ணு கையைப் புடிக்கிறியே, அப்படிப் புடி."

அன்றைக்குப் பாண்டுரங்கன் வீட்டுக்குப் போய், தூங்கும் குழந்தையின் மணிக்கட்டைப் பிடித்து அளவு பார்த்தார். அந்த அளவோடு துடைப்பத்தைப் பிடித்தார். பூட்டு விழுந்தது. அப்போதுதான் கனகம் வந்தாள்.

அவளுக்கு விஷயத்தைச் சொல்லிவிட்டார். சொல்லாத ஆள் பக்கத்து வீட்டுச் சின்னப்பொண்ணு. காம்பவுண்டு சுவருக்கு மேலே அவள் தலை தெரிந்து கால் மணி நேரம் ஆகியிருந்தது.

"பச்சைப் புள்ளக்காரின்னு பாக்காம, உன்னை வேலை வாங்குறாரோன்னு நெனச்சேன். நீ அவரைப் பெருக்க வெச்சிகினு கீறியே, பலே ஆளுடி," என்றாள் கனகத்திடம். விளக்கு வைப்பதற்குள் தெரு முழுக்க, பாண்டுரங்கன் வீட்டில் துடைப்பம் யார் கையில் என்பது முடிவாகிவிட்டது. மறுநாள் கம்பெனி பஸ்ஸில் ஒருவன் தன் சீட்டைக் காட்டி, இதையும் கொஞ்சம் பெருக்கிவிட்டு உட்காருங்கள் என்றான்.

இனி வீடு சரிப்படாது என்று பாண்டுரங்கன் கம்பெனியிலேயே பழக முடிவு செய்தார். ஸ்கிராப் குவியலில் மூன்றடி இரும்புக் குழாய் ஒன்று கிடைத்தது. சாப்பாட்டு நேரத்தில் பாய்லர் ஷெட்டுக்குப் பின்னால் போய் நின்று வீசினார். காற்றில் 'விஷ்க்' என்று சத்தம் வந்தது. அவருக்கே அது பிடித்துப்போனது.

மூன்றாம் நாள் யூனியன் தலைவர் சுப்பிரமணி பத்துப் பேரோடு வந்து சூழ்ந்துகொண்டார்.

"யார் மண்டைக்கு சார் அளவு பாக்குறீங்க?"

"யார் மண்டைக்கும் இல்லப்பா. மேனேஜருக்காகப் பழகுறேன்."

இதைவிட மோசமான பதிலை உட்கார்ந்து யோசித்தாலும் கண்டுபிடிக்க முடியாது. ஷிஃப்ட் முடிந்ததும் கேட்டில் கூட்டம். அடியாள் வைக்கும் நிர்வாகம் ஒழிக. இரும்புக் குழாய் பாண்டுரங்கன் ஒழிக. பன்னிரண்டு வருஷத்தில் யாரும் இவர் பெயரை இத்தனை சத்தமாகச் சொன்னதில்லை.

தாவீதுதான் காப்பாற்றினான். அதாவது, அவன் காப்பாற்றிய விதத்தில் காப்பாற்றினான். சூப்பர்வைசருக்குக் கையில் வாதம், டாக்டர் சொல்லிக் குழாய் சுற்றுகிறார், பாவம், குழந்தையைக்கூடத் தூக்க முடியவில்லை என்று கூட்டத்தில் அளந்துவிட்டான். சுப்பிரமணி இளகிய மனசுக்காரர். கண் கலங்கிப்போய் நேரே கம்பெனி டாக்டரிடம் சொன்னார். டாக்டர் பாண்டுரங்கனைக் கூப்பிட்டனுப்பினார்.

"நானே கூப்பிடணும்னு இருந்தேன். உங்களைப் பாக்கச் சொல்லி மேனேஜரும் சொல்லியிருக்கார்," என்றார் டாக்டர். ரத்தம் எடுத்தார். மார்பை எக்ஸ்ரே எடுக்கச் சொன்னார். வெயில் ஒத்துக்கொள்ளுமா என்று விசாரித்தார். முடிவில் இரண்டு கையிலும் ஒவ்வொரு ஊசி.

ஒரு விளையாட்டுக்கு இத்தனையா என்று பாண்டுரங்கனுக்கே திகைப்பு. தாவீதுக்குத் திகைப்பே இல்லை.

"புல்லுல பூச்சி கெடக்கும்ணே. ஊசி போடாம உள்ள வுட மாட்டாங்க."

அடுத்த நாள் ஆபீஸிலிருந்து பதினாறு போட்டோ கேட்டார்கள். எட்டுக் காகிதத்தில் கையெழுத்து வாங்கினார்கள். பெரிய கிளப் என்றால் அப்படித்தான், மெம்பராவது லேசில்லை என்றான் தாவீது. பாண்டுரங்கன் படிக்காமலே போட்டார். படிப்பதற்கு நேரமில்லை. ஊசி போட்ட இரண்டு கையும் வீங்கி, பூட்டு விழாமல் சுண்டுவிரல் நழுவிக்கொண்டே இருந்தது.

இதற்கும் தாவீதிடம் வைத்தியம் இருந்தது. இன்சுலேஷன் டேப்பால் இரண்டு கையையும் சேர்த்துச் சுற்றி ஒரு மணி நேரம் வைத்திருந்தால் விரலுக்குப் பழகிவிடும் என்றான். சுற்றிவிட்டு ஃபோர்க்லிஃப்ட் வேலையாகப் போனவன் மறந்துவிட்டான். கும்பிட்டபடியே பாண்டுரங்கன் ஷிஃப்டை முடித்தார், கும்பிட்டபடியே பஸ் ஏறினார். எதிரே வந்த எல்லோரும் பதிலுக்குக் கும்பிட்டார்கள். வீட்டில் கனகம் அரிவாள்மணையில் டேப்பை அறுத்து எடுத்தபோது சுண்டுவிரல் கத்திரிக்காய் நிறத்தில் இருந்தது.

தேங்காய் எண்ணெய் தடவிக்கொண்டே அவள் கேட்டாள். "இது வராங்காட்டி மேனேஜரு இன்னா பண்ணுவாரு?"

"பூனா."

அவள் குழந்தையைத் தூக்கிக்கொண்டு பின்பக்கம் போனாள். வரும்போது துடைப்பத்தை எடுத்து வந்து, தானே அவர் கையில் வைத்தாள்.

வெள்ளிக்கிழமை வந்தது. மேனேஜர் உட்காரச் சொன்னார். பாண்டுரங்கனுக்கு உட்கார்ந்தால் பூட்டு மறந்துவிடும் என்று பயம். நின்றார். வீட்டில் சம்மதமா என்று மேனேஜர் கேட்டார். மனைவியே முன்னால் நின்று பழக்கிவிட்டாள் என்றார் இவர். அங்கே வெயில் கடுமை, புல்லைப் பார்க்கவே முடியாது, எங்கும் மணல்தான், பரவாயில்லையா என்றார் மேனேஜர். மைதானத்தில் மணல் குழி உண்டு, பந்து போய் விழும் என்று தாவீது சொல்லியிருந்தான். எத்தனை மணலானாலும் சமாளிப்பேன் என்றார் பாண்டுரங்கன்.

அதற்குமேல் பொறுக்க முடியவில்லை. மூலைக்குப் போய், பையிலிருந்து ஒரு கம்பை உருவினார். இடது கை மேலே, வலது கை கீழே. வீங்கிய சுண்டுவிரலை இழுத்துக் கொண்டுபோய் இடத்தில் வைத்தார். உயிர் போகிற வலி. ஆனால் பூட்டு விழுந்தது. குழந்தையின் கையைப் பிடிப்பதுபோல் இதமாகப் பிடித்துக்கொண்டு நின்றார்.

மேனேஜர் மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மாட்டிக்கொண்டு பார்த்தார். பிறகு விழுந்து விழுந்து சிரித்தார். பிரமாதம், இதுவும் தெரியுமா என்று சொல்லி, அந்த விரலையே பிடித்துக் கை குலுக்கினார். பாண்டுரங்கன் கண்ணில் தண்ணீரோடு தேங்க்ஸ் சொன்னார். பூனா லிஸ்டில் மூன்றாவது பெயரை அவர் கண் முன்னாலேயே மேனேஜர் அடித்தார். ஆர்டர் சாயங்காலம் வீட்டுக்கு வரும் என்றார்.

கனகம் நெய் விட்டுக் கேசரி கிண்டினாள். சின்னப்பொண்ணுக்கும் ஒரு கிண்ணம் போனது. பாண்டுரங்கன் குழந்தையை மடியில் போட்டுக்கொண்டு, அப்பா எங்கேயும் போக மாட்டாரு, போக மாட்டாரு என்று பாடிக்கொண்டிருந்தபோது, ஆபீஸ் அட்டெண்டர் யாக்கோபு சைக்கிளை நிறுத்தினான். உள்ளே வந்து, நீளமான கவரைக் கொடுத்துவிட்டு, கேசரித் தட்டை வாங்கிக்கொண்டு உட்கார்ந்தான். இரண்டு வாய் சாப்பிட்டுவிட்டு, அவரை ஏற இறங்கப் பார்த்தான்.

"பூனாவுக்குப் போவ மாட்டேன்னு அந்த அழுகை அழுதீங்களே சார், கல்ஃபுன்னா மட்டும் உயிரைக் குடுப்பேன்னு மேனேஜராண்ட சொன்னீங்களாமே. குவைத்துல சண்டை ஓஞ்சும் எண்ணெய்க் கெணறுங்கோ இன்னும் எரிஞ்சிகினு கீதாம், ரெண்டு வருசம் தனியாத் தாங்குவீங்களா?"