இருநூற்றுப் பன்னிரண்டாம் புகார்

காஞ்சிபுரத்துப் பட்டுச் சங்கங்கள் சில ஒன்றுகூடி, புடவை டிசைன் போடும் சாஃப்ட்வேர் ஒன்றைச் செய்துவந்தன. அதில் காணும் கோளாறுகளை எவரும் கணினிப் புகார்ப் பட்டியலில் எழுதலாம். ஆனால் எழுதியவர் அழிக்கலாகாது. டிசைனில் அன்னத்துக்கு மூன்று கால் விழுகிறது என்ற புகாரை ஒருமுறை யாரோ அழித்துவிட, புடவை மூன்று காலோடு நெய்தே வந்துவிட்டது. அதன்பின் அழிக்கும் அதிகாரம் திட்ட அலுவலர் ராஜவேலு ஒருவரிடமே பத்திரமாக இருந்தது.

தற்காலிக ஊழியர் தேவிப்ரியா, வேலை நிரந்தரமாக மூன்றே நாள் இருக்கையில், தோழி ஏஞ்சலுக்கு அனுப்ப வேண்டியதைப் பட்டியலில் அடித்துவிட்டாள். அது 212ஆம் புகாராகப் பதிவாயிற்று: "ராஜவேலு சாருக்கு மவுஸ் பிடிக்கவே தெரியலைடி."

ஏஞ்சலிடமே ஓடினாள்.

"தறியில இழை தப்பா விழுந்தா நெய்யறவங்களே பிரிச்சுடறாங்க. நீ அடிச்சதை நீ அழிக்க முடியாதா?" என்றாள் ஏஞ்சல்.

முடியாது. மனுப் போடவேண்டும். அழிக்கவேண்டிய வாசகத்தை முழுமையாக எழுதி, ஐந்து பிரதி எடுத்து, ஐந்து பிரிவுகளிலும் கையெழுத்து வாங்கவேண்டும். விஷயம் வெளியே போகாமலிருக்கத்தான் இந்த ஏற்பாடு.

ஐந்து பிரிவும் வாய்விட்டுப் படித்துக் கையெழுத்திட்டன. ஆறாவதாக ராஜவேலு படித்தார். விதிப்புத்தகத்தைத் திறந்தார்.

"பொய்யான பதிவைத்தான் அழிக்கலாம். இது பொய்யாம்மா?"

"பொ... பொய்தான் சார்."

"நீ சொன்னா ஆச்சா? ஆதாரம் வேணும்மா. நானே அழிச்சுக் காட்டறேன், அதான் ஆதாரம்."

ஆபீசே சுற்றி நின்றது. பல்லியைப் பிடிப்பதுபோல் மவுஸைப் பிடித்து 212ஐத் தொட்டார். 'இதை அழி', 'இதைத் தவிர எல்லாம் அழி' என்று மேலும் கீழுமாக இரண்டு பொத்தான்கள் வந்தன.

"சார், மேல இருக்குதே..."

"எனக்குத் தெரியும்மா!"

மவுஸ் நழுவிக் கீழ்ப் பொத்தானில் அழுந்தியது. 211 புகார்கள் போயின. ஒன்று நின்றது.

'விசாரணையில் உண்மை என நிரூபணமாகிவிட்டபடியால் அழிக்க இயலாது' என்று நேர்மையாகக் கோப்பில் எழுதினார் ராஜவேலு.

உண்மையைப் பதிந்த ஊழியர் என்று தேவிப்ரியாவை நிரந்தரமாக்கினார்கள். புகார் மிகக் குறைந்த திட்டம் என்று கேடயமும் வந்தது. திரும்ப எழுதியிருந்த மூன்று கால் புகாரும் அன்றே போயிருந்ததால் அன்னங்கள் பழையபடி கால் வளர்த்தன. கடைகள் அதைப் புது டிசைன் என்றன. கேடயம் வாங்கும் விழாவுக்கு ஆபீஸ் பெண்கள் எல்லோரும் அந்தப் புடவைதான்.

தேவிப்ரியாவும்தான். மேடையேறுமுன், அன்னத்தின் மூன்றாவது காலை மட்டும் மடிப்புக்குள் தள்ளி ஊக்கு குத்திக்கொண்டாள். புகார் எழுதவில்லை. இப்போது அவள் நிரந்தர ஊழியர்.