அவரைக் கூப்பிட வைக்க நாலு ஜாங்கிரி

சர்க்கரை நோயாளி ஒருத்தி வேண்டுமென்றே தன் சர்க்கரையை ஏற்றிக்கொள்வாளா என்று கேட்டால், மாட்டாள் என்றுதான் எந்த டாக்டரும் சொல்வார். நான் ஒருமுறை ஏற்றிக்கொண்டேன். பட்டப்பகலில், கதவைத் தாழ் போட்டுக்கொண்டு, முழு நினைவோடு.

பதினெட்டு வயதிலிருந்து எனக்கு இன்சுலின் ஊசிதான். கல்யாணமாகி ஐந்தாம் மாதம் என் வீட்டுக்காரர் குவைத்துக்குப் போனார். உளுந்தூர்பேட்டை வீட்டில் நான் தனியாக இருந்ததால், போனதும் எனக்கு ஒரு சென்சார் ஏற்பாடு செய்தார். மேல்கையில் ஒட்டிக்கொள்ளும் சின்ன வில்லை. சர்க்கரை ஏறினாலும் இறங்கினாலும் என் போன் அலறும். குவைத்தில் அவர் போனும் அலறும். (களமருதூரில் மாமியாரோடு இருக்கும் என் கொழுந்தன் சேகரின் போனும் அலறும். இதை நான் மறந்துதொலைத்ததுதான் வினை.)

அலறிய இரண்டாவது நிமிடம் அவர் கூப்பிடுவார். ஏறியிருந்தால், "ஊசி போட்டியா?" இறங்கியிருந்தால், "ஜூஸ் குடிச்சியா? குடிச்சிக்கினே பேசு." மற்ற நாட்களில் ஓவர்டைம், அசதி, நாளைக்குப் பேசறேன். என் ரத்தத்தில் என்ன ஓடுகிறது என்பது வரை தெரிந்த மனிதருக்கு, என் முகம் வாடியிருப்பது மட்டும் தெரியவே இல்லை.

எங்கள் முதல் கல்யாண நாள் வந்தது. மதியம் இரண்டு மணியாகியும் போன் வரவில்லை. நானாகக் கூப்பிட வீம்பு விடவில்லை. சென்சாரோ சமர்த்தாக நூற்றுப் பத்தில் நின்றது. எழுந்து உளுந்தூர்பேட்டை பஸ் ஸ்டாண்டுக்குப் போனேன். கால் கிலோ ஜாங்கிரி வாங்கிவந்தேன். ஊசி போடாமல் நாலைத் தின்றேன்.

நூற்று எண்பது. இருநூற்றுப் பத்து. (சர்க்கரை ஏறணும் சாமி என்று வேண்டிக்கொண்டவள் உலகத்திலேயே நான் ஒருத்தியாகத்தான் இருப்பேன்.) இருநூற்று ஐம்பதைத் தாண்டியதும் போன் அலறியது. தலை சீவிப் பொட்டு வைத்துக்கொண்டு உட்கார்ந்தேன்.

அவர் கூப்பிடவில்லை. சேகர்தான் கூப்பிட்டான். அவர் கூப்பிடும்போது லைன் பிஸியாக இருக்குமே என்று கட் செய்தேன். மறுபடி கூப்பிட்டான், மறுபடி கட். கல்வராயன் மலைக்கு லோடு ஏற்றிப்போன நாளாயிருந்தால் அவனுக்கு சிக்னல் கிடைத்திருக்காது, நான் பிழைத்திருப்பேன். என் நேரம், ஊரிலேயே இருந்தான். அண்ணி மயங்கிக் கிடக்கிறாள் என்று முடிவுகட்டி, நடவு வயலில் நின்ற என் மாமியாரையும் கூட நட்டுக்கொண்டிருந்த நான்கு பெண்களையும் தன் குட்டியானை வண்டியில் ஏற்றிவந்து, கதவை உடைக்காத குறையாகத் தட்டினான். சேறு காயாத கால்களுக்கு நடுவே என்னைப் படுக்கவைத்து ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனார்கள்.

"இன்னாம்மா சாப்ட்ட?" என்றார் நர்ஸ்.

"ரெண்டு இட்லி."

"ரெண்டு இட்லிக்கு முன்னூத்தி நாப்பதா? வெரல்ல இன்னா ஆரஞ்சு கலரு?"

திட்டிக்கொண்டே ஊசி போட்டார். அப்போது சேகர் போனில் வீடியோ கால் வந்தது. அவர்தான். அந்த வாரத்திலிருந்து வேலை நேரத்தில் போனை வாங்கிப் பூட்டிவைத்துவிடுகிறார்களாம். முகமெல்லாம் வேர்த்து வெளிறிப்போயிருந்தது.

"உனக்கு இன்னா ஆச்சு? ஏன் இப்டி ஏறிக்கிச்சு?"

நல்ல பொய்யாக ஒன்றைத் தயார் செய்திருந்தேன். அந்த முகத்தைப் பார்த்ததும் அது வரவில்லை. "நீங்க கூப்டவே இல்லியே. ஜாங்கிரி தின்னாவாச்சும் கூப்டுவீங்கன்னு பாத்தேன்."

அவர் சற்று யோசித்துவிட்டுக் கேட்டார்: "இன்னிக்கி இன்னா தேதி?"

"அடப்பாவி!" என்றார் பக்கத்துக் கட்டில் அம்மாள்.

மாமியார் போனைப் பிடுங்கினார். "தாலி கட்ன நாளே மறந்துபூட்ச்சாடா உனக்கு?"

அவர் கையால் கண்ணைத் துடைத்துக்கொண்டார். "தப்புதான். இனிமே சும்மாவே கூப்புடறேன். நீ தின்னாத."

மூன்று வருடமாகிறது. எங்கள் குடும்பத்தில் யார் போன் செய்ய மறந்தாலும், "இன்னா, நாங்க ஜாங்கிரி தின்னணுமா?" என்றுதான் இன்றைக்கும் கேட்கிறார்கள். நடவுக்கு வந்த நான்கு பெண்களும் கதையை ஊர் ஊராகக் கொண்டுபோய்ச் சேர்த்தார்கள். எலவனாசூர்கோட்டையில் முன்பின் தெரியாத ஒருத்தி என்னைப் பார்த்துச் சிரித்திருக்கிறாள்.

நடுவில் அவர் ஒருமுறை வந்து, ஒரு மாதம் இருந்துவிட்டுத் திரும்பிப் போனார். இப்போது தினமும் சாயங்காலம் தவறாமல் கூப்பிடுகிறார். "சும்மாதான் கூப்ட்டேன்" என்பார். அதற்கப்புறம் இரண்டு பேருக்கும் பேச ஒன்றும் இருக்காது. வைக்கவும் மனம் வராது.